சிறுதேரும் சின்னஞ்சிறு காரும்

ஊர்த்தேர் பெரியது. அதன் வடம் குழந்தையின் கைக்கு அடங்காது. ஆயினும் தேரிழுக்கும் ஆசை குழந்தைக்கு உண்டு. அதனால் பெரியவர்கள் தேரையே சிறிதாக்கி அதன் கையிற் கொடுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவம் ‘சிறுதேர்’ என்றே பெயர் பெற்றது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட குறுந்தொகையின் 61-ஆம் பாட்டிலும் தச்சர் கையால் உருவான ஒரு விளையாட்டு வண்டி வருகிறது. அதில் ஏறி எங்கும் போக முடியாது. இழுத்து விளையாடும் பிள்ளைக்கு அந்த இழுப்பே போதும்.

இன்று நம் வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சில் அழுத்தி வார்த்து, வண்ணம் பூசிச் செய்வது. குழந்தைகள் உருட்டி விளையாடுவதோடு, பெரியவர்கள் பலர் கண்ணாடிப் பேழையில் வரிசையாக அடுக்கியும் வைக்கிறார்கள். அவ்வாறு சேர்ப்பவர் இருவர் கூடினால், “எது நுட்பமாகச் செய்யப்பட்டது? இதுவா, அதுவா?” என்ற வாதம் எழும். நுட்பம் என்பதற்கு எதை அளவுகோலாகக் கொள்வது என்பதே இப்பேச்சின் பொருள். அந்த அளவுகோலைப் பிழையாகப் பிடித்து ஒரு மாணவனுக்கு நான் தவறிழைத்திருக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளியொன்றில் மாணவர்களின் கைவினைப் பொருட்காட்சி நடந்தது. மதிப்பெண் இடும் பொறுப்பு என்னுடையது. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் மரத்தில் ஒரு பேருந்து செய்து வைத்திருந்தான். நீளம் 10 அங்குலம். சக்கரத்தின் உயரம் ஓர் அங்குலம். ஓவிய வகுப்பில் பார்த்து வரைவதற்கென்று நான் வாங்கி வைத்திருந்த உலோகப் பேருந்து ஒன்று என் மேசைமேல் இருந்தது. அதன் நீளம் 3 அங்குலம். சக்கரம் அரை அங்குலம். அதற்கு விளக்குகள் இருந்தன, கண்ணாடி இருந்தது, பளபளப்பு இருந்தது. நான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். “சக்கரங்கள் பொருத்தமின்றிச் சிறியனவாக உள்ளன” என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரங்கள் சென்றபின், வெள்ளிமலைக்குச் செல்வதற்காகக் கச்சிராயபாளையத்தில் காத்திருந்தேன். பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் தேநீர் அருந்தச் சென்றிருந்த வேளையில், என் கைக்குடையைச் சக்கரத்தின் அருகே ஊன்றினேன். சக்கரம் குடையைவிடச் சற்றே உயரம். மூன்றேகால் அடி இருக்கலாம். பிறகு காலடியால் பேருந்தின் நீளத்தை அளந்தேன். 32 அடி வந்தது. அதாவது, சக்கரம் நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்த மாணவன் செய்ததும் பத்தில் ஒரு பங்கே. என் மேசைமேல் இருந்த உலோகப் பேருந்தின் சக்கரமோ ஆறில் ஒரு பங்கு! பிழை கடையில் வாங்கிய பொருளில் இருந்தது. அதைச் சரியென்று கொண்டு, சரியாகச் செய்தவனைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் அவனை அழைத்து மதிப்பெண்ணைத் திருத்தினேன். “அளந்து பார்த்துச் செய்தாயா, தம்பி?” என்று கேட்டேன். “இல்லை ஐயா, மலைக்குப் போகும் வண்டிக்காக நெடுநேரம் காத்திருப்போம். அப்போது நிற்கிற வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றான். பேருந்தைக் கேட்டேன். விடுதியில் ஒரு சிறுவனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அதன்பின் எந்தக் காட்சிக்கும் அவன் எதுவும் செய்து கொண்டுவரவில்லை.

ஓர் உருமாதிரியை மற்றோர் உருமாதிரியோடு ஒப்பிடலாகாது. மூலப் பொருளோடு ஒப்பிடவேண்டும் என்பதே நான் கற்ற பாடம். இனி, உலோகக் கார்களின் கதையைப் பார்ப்போம்.

உலோகத்தில் வண்டி வார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1974-இல் மகாராட்டிரத்தின் தைமாபாத்தில் ஒரு வெண்கலத் தேர் கிடைத்தது. இரண்டு எருதுகள் பூட்டி, ஓட்டுபவன் நின்ற கோலத்தில் அமைந்த அதன் நீளம் 45 சென்டிமீட்டர். பிந்திய அரப்பா நாகரிகத்தைச் சேர்ந்ததென்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில், உருவை வெளியே எடுக்க அச்சை உடைத்தாகவேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஓர் உருவமே உண்டு.

அச்சு வார்ப்புக் காரின் வழி வேறு. இதில் அச்சு எஃகால் ஆனது, உடைவதில்லை, மூடித் திறந்து பல்லாயிரம் முறை பயன்படும். உள்ளே செலுத்தும் உலோகம் ‘ஜமாக்’ எனப்படும் கலவை. 1929-இல் அமெரிக்காவில் நியூஜெர்சி துத்தநாகக் கம்பெனி உருவாக்கியது. பெரும்பகுதி துத்தநாகம், 100-க்கு 4 பங்கு அலுமினியம், மிகச் சிறிதளவு மக்னீசியம், தேவைக்கேற்பச் செம்பு. இது 400 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பத்திலேயே உருகும். அழுத்திச் செலுத்தினால் நுண்ணிய பள்ளங்களிலும் பாய்ந்து நிறையும். ஆனால் தூய்மை வேண்டும். இக்கலவையில் சிறிதளவு காரீயம் சேர்ந்துவிட்டாலும், காலப்போக்கில் உலோகம் உள்ளேயே அரித்து, வெடித்து, உதிர்ந்து போகும். இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட கார்கள் பல இவ்வாறு பேழையில் இருந்தபடியே பொடியாயின.

இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ கம்பெனி 1934 முதல் ‘டிங்கி’ என்னும் பெயரில் சிறு கார்களை விற்றது. அக்கம்பெனியின் விளையாட்டு இரயில்களுக்குத் துணைப்பொருளாகத் தோன்றியவை அவை. அந்த இரயிலின் அளவு, மெய்யான இரயிலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். ஓர் அடி என்பது ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்தால் 43-க்குச் சற்று மேல் வரும். சேகரிப்பாளர் இன்றும் போற்றும் ‘43-இல் ஒன்று’ என்னும் அளவு இவ்வாறு வந்ததே.

1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா நடந்தது. லெஸ்னி என்னும் இலண்டன் கம்பெனி, அரசி ஏறிச் சென்ற சாரட்டைக் கையளவாக வார்த்து, 10 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதுவும் ஒரு சிறுதேர்தானே! அவ்வாண்டிலேயே அக்கம்பெனி தீப்பெட்டி அளவு பெட்டிகளில் அடைத்த ‘மேட்ச்பாக்ஸ்’ கார்களைத் தொடங்கியது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளையே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால், கம்பெனிப் பங்காளர் ஜாக் ஓடல் தம் மகளுக்காக ஒரு சிறு சாலை உருளையைச் செய்து கொடுத்ததே இதற்கு வித்து என்பர். 1956-இல் ‘கார்கி’ கார்கள் சன்னற் கண்ணாடியோடு வந்தன. 1968-இல் அமெரிக்காவின் ‘ஹாட் வீல்ஸ்’ விரைந்தோடும் சக்கரங்களோடும், 1970-இல் ஜப்பானின் ‘டோமிகா’வும் வந்தன. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, ‘நிக்கி’ என்னும் பெயரில் இந்தியக் குழந்தைகளின் கைக்கும் கார்கள் கிடைத்தன.

இவற்றின் நுட்பத்தை ஒப்பிடுமுன் சிறிது கணக்குப் போடுவோம். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடர் காரை நாம் அனைவரும் அறிவோம். அதன் நீளம் ஏறத்தாழ 4,300 மில்லிமீட்டர். 43-இல் ஒன்றாகச் சுருக்கினால் 100 மில்லிமீட்டர். 64-இல் ஒன்றானால் 67. 18-இல் ஒன்றானால் 239. நீளத்தைச் சுருக்குவது எளிது. பிற அளவுகளே தொல்லை தருவன. மாதிரியின்மேல் பூசும் வண்ணம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆயினும் 43-இல் ஒன்று என்னும் அளவில், அது மெய்க் காரின்மேல் 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பூச்சுக்குச் சமம்! கூரிய விளிம்பெல்லாம் மழுங்கி, எண்ணெயில் தோய்த்தெடுத்த பண்டம்போல் தோன்றுவது இதனால்தான். பூச்சு எவ்வளவு மெலிதோ, அவ்வளவு தேர்ந்த வேலை.

கதவுக்கும் இதே கணக்கு. திறக்கும் கதவுடைய மாதிரியே உயர்ந்தது என்று பலரும் எண்ணுவர். கதவு திறக்கவேண்டுமானால் இடைவெளி வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும், 43 மடங்கில் அது 21 மில்லிமீட்டருக்கு மேலாகும். அத்தகைய சந்துள்ள காரை எவரேனும் வாங்குவாரா? ஆகவேதான் 43-இல் ஒன்று என்னும் அளவில் தேர்ந்த மாதிரிகள் பலவற்றில் கதவு திறப்பதில்லை; மெல்லிய கோடாக மட்டும் காட்டப்படும். 18-இல் ஒன்றாகிய பெரிய மாதிரிகளில் திறக்கும் கதவு அழகாக அமையக்கூடும். சிறு எண்ணிக்கையில் பிசினால் வார்க்கப்படும் மாதிரிகள் திறவாதனவாயினும், கோடுகளின் கூர்மையில் உலோகத்தை விஞ்சுவதும் உண்டு. திறக்கும் உறுப்புகள் விளையாட்டுக்கு இன்பம் தருவன. அவற்றின் எண்ணிக்கை உருவொற்றுமைக்குச் சான்றாகாது.

ஒரு காரைக் கையிலெடுத்தவர் செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. முதலாவது, பக்கவாட்டில் கண்மட்டத்தில் வைத்துச் சக்கரத்தின் உயரத்தையும் காரின் நீளத்தையும் நோக்குங்கள். மலிவான மாதிரிகளில் ஒரே அளவுச் சக்கரத்தைப் பல கார்களுக்கும் மாட்டுவதுண்டு. மேலும், பெட்டிக்குள் அடங்கவேண்டுமென்று பேருந்தையும் காரையும் ஏறத்தாழ ஒரே நீளமாகச் சுருக்குவதும் உண்டு. அங்கே அளவு என்னும் சொல்லுக்கே பொருளில்லை. இரண்டாவது, விளக்கொளியில் காரை மெல்லத் திருப்புங்கள். பக்கத்தில் விழும் ஒளிக்கோடு மூலக் காரில் ஓடுவதுபோல் முறிவின்றி ஓடவேண்டும். மூன்றாவது, முன்விளக்கை உற்று நோக்குங்கள். கண்ணாடி போன்ற வில்லையின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால், அது வில்லையைப் பொருத்தும் முளை. விழியிற் பூ விழுந்ததுபோல் முகத்தையே கெடுத்துவிடும். நான்காவது, காரைக் கவிழ்த்துப் பாருங்கள். எவரும் பாராத அடிப்பாகத்தில் செய்தவரின் மனச்சான்று தெரியும்.

இவ்வளவும் எந்திரத்தின் வேலைதானே, இதில் கைவினை எங்கே என்று கேட்கலாம். அந்த எஃகு அச்சு எவ்வாறு பிறந்தது என்று பாருங்கள். கணினி வருமுன், மாதிரிச் செதுக்குநர் ஒருவர் மரத்திலோ பிசினிலோ காரைப் பல மடங்கு பெரிதாகக் கையால் உருவாக்கினார். ‘பாண்டோகிராப்’ என்னும் கருவியின் ஒரு முனை அவ்வுருவின்மேல் தடவிச் செல்ல, மறுமுனையிலுள்ள வெட்டுளி அதே வடிவை எஃகில் சிறிதாகக் குடைந்தது. இன்று மூலக் காரை ஒளிக்கதிரால் அளந்து கணினியில் வரைகிறார்கள். எனினும், எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் கண் இன்னும் மனிதனுடையதே. ஒரு காரின் முன்தட்டில் 40 கம்பிகள் இருப்பதாகக் கொள்வோம். அத்தனையையும் விரல்நுனி அகலத்தில் வார்த்தால் வண்ணம் படிந்து வெறும் தகடாகிவிடும். 15 கம்பிகளை ஆழமாக வைத்தால் 40 இருப்பதாகத் தோன்றும். அறிந்து விடுதலும் நுட்பமே.

இந்த அறிவு நமக்கு அயலானதன்று. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளின் மரச்சிற்ப வேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேக்கிலும் வாகையிலும் தெய்வ உருவங்கள் செதுக்கும் இச்சிற்பிகள் கற்ற அளவுமுறையைப் பாருங்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்திற்கு 12 அங்குலம். நவதால உருவம் 9 தாலம், அதாவது 108 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ள அங்குலமன்று. அவ்வுருவத்திலிருந்தே எடுக்கும் பங்கு. ஆகவே, சாண் உயர உருவத்திற்கும் ஆள் உயர உருவத்திற்கும் கணக்கு ஒன்றே. ‘43-இல் ஒன்று’ என்று அயல்நாட்டார் எண்ணாற் சொன்னதை, நம்மவர் முகத்தை அலகாகக் கொண்டு சொன்னார்கள்.

ஊர்த்தேரின் சிறு வடிவைச் செதுக்கும்போதும் இவ்வறிவு வேண்டும். பெரிய தேரின் அடுக்குகளில் உள்ள சிற்பம் அத்தனையையும் சாணளவில் அடைத்தால், வெறும் மேடுபள்ளமே மிஞ்சும். கைதேர்ந்தவர் சிலவற்றை விட்டுவிட்டு, கீழிருந்து அகன்றெழும் தேரின் உருக்கோட்டைக் காப்பாற்றுவார். அச்சுக்கு எட்டாத உரிமை ஒன்றும் அவருக்கு உண்டு. வார்த்த உலோகம் அச்சைவிட்டு நேராக வெளிவரவேண்டும். பின்புறம் குடைந்த வடிவம் அச்சில் சிக்கிக்கொள்ளும். உளியோ விரல்களின் பின்னும் மாலையின் அடியிலும் புகுந்து குடையும். ஆனால் அவருக்கு அச்சமும் உண்டு. மரத்தின் இழை எப்படி ஓடுகிறதென்று அறியாமல் கொட்டாப்புளியால் ஒரு தட்டு மிகையாகத் தட்டினால், பல நாள் வேலை பிளந்துபோகும். அச்சில் பிழை நேர்ந்தால் பல்லாயிரம் கார்களிலும் அது தொடரும். உளியின் பிழை ஓர் உருவோடு முடியும். அவ்வாறே அச்சின் நேர்த்தி ஆயிரமாய்ப் பெருகும். உளியின் நேர்த்தி ஒன்றிலேயே நின்றுவிடும்.

ஆகையால், மரவேலையை உலோகக் காரின் அருகில் வைத்து, “இதைப்போல் வழுவழுப்பாக இல்லையே” என்று விலையைக் குறைத்துக் கேட்பது, நான் அந்த மாணவனுக்குச் செய்த அதே பிழை. வழுவழுப்பு, அழுத்தி வார்த்த உலோகத்தின் இயல்பு. உளித்தடம் மரவேலையின் இயல்பு. இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்றே: மூலத்தை உற்றுப் பார்த்துச் செய்தாரா, வேறொரு நகலைப் பார்த்துச் செய்தாரா? இன்று கணினியால் இயங்கும் எந்திரங்கள் மரத்தையும் குடைகின்றன. எந்திரம் குடைந்ததையும் கண்ணும் கையும் சேர்ந்து செதுக்கியதையும் வேறுபிரித்து அறிய வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், சிற்பி தம் மகனுக்கு உளியைக் கொடுக்கத் தயங்குவார். குறியீடு பெயரைக் காக்கும். தொழிலைக் காக்க வாங்குபவரின் கண்ணும் வேண்டும்.

அந்தக் கண்ணைப் பழக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு சிறிய காரை உருட்டிக்கொண்டு வந்தால், அதைக் கையில் கொடுத்தே தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நிற்கின்ற காரின் அருகில் அமர்த்தி, “உன்னுடையதில் எது சரி, எது சரியில்லை, சொல் பார்க்கலாம்” என்று கேளுங்கள். பிள்ளை முதலில் நிறத்தைச் சொல்லும். பிறகு விளக்கைச் சொல்லும். இன்னும் சற்றுப் பொறுத்தால் சக்கரத்தைச் சொல்லும். எனக்கு அதைச் சொல்லித் தந்தவன், மலையடிவாரத்தில் பேருந்துக்குக் காத்து நின்ற ஒரு மாணவன். அவன் செய்த பேருந்தை இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.